சொந்தப் பாடல் தரவரிசை: வாரந்தோறும் எழுதிக் காக்கும் முறை

பாப் பாடல்களுள் தமக்குப் பிடித்தவற்றை வாரம் ஒருமுறை முதல் இடத்திலிருந்து வரிசைப்படுத்தி, அந்த வரிசையைத் தேதியிட்டுச் சேமித்து வருவது சொந்தத் தரவரிசை எனப்படும். கைப்பேசியில் சேர்த்து வைக்கும் விருப்பப் பாடல் தொகுப்பிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது தேதியே. தொகுப்பில் ஒரு பாடல் சேர்ந்துவிட்டால், அது எந்த வாரம் மனத்தில் ஓங்கியது, எந்த வாரம் சலித்தது என்பதற்குத் தடயம் எதுவும் எஞ்சுவதில்லை; தரவரிசையிலோ ஒவ்வொரு வாரமும் தனிப் பதிவாக நின்று, முந்திய வாரத்தோடு ஒப்பிடத்தக்கதாகிறது.

தரவரிசை என்பது இசையை அளக்கும் கருவி என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் அது சில விதிகளின் விளைவு மட்டுமே. பிரிட்டனின் முதல் சிங்கிள்ஸ் தரவரிசை, அதாவது தனியே விற்கப்படும் பாடல்களின் வரிசை, 1952 நவம்பர் 14 அன்று ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழில் வெளியானபோது, அதற்கு அடிப்படையாக இருந்தது பெர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் அழைத்துத் திரட்டிய விற்பனை விவரம்தான். பன்னிரண்டு இடங்கள் கொண்டதாக அறிவிக்கப்பட்ட அந்த முதல் பட்டியலில் 15 பாடல்கள் இடம்பெற்றன. சமநிலை அடைந்த பாடல்கள் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று விட்டதே காரணம். தொழில்முறைப் பட்டியலே இவ்வாறு தொடங்கியது என்பதால், தனி ஒருவர் தம் விதிகளைத் தாமே வகுத்துக்கொள்வதில் தவறேதும் இல்லை. இந்த அத்தியாயம் விட்டுக்கொடுக்காத விதி ஒன்றே ஒன்று: எழுதி முடித்த வாரத்தைப் பின்னர் திருத்தலாகாது.

தொடங்குமுன் வகுக்க வேண்டிய விதிகள்

விதிகளை நினைவில் வைத்துக்கொள்வதை நம்பாமல், குறிப்பேட்டின் முதல் பக்கத்திலோ விரிதாளின் முதல் தாளிலோ தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். (கட்டம் கட்டமாகத் தகவல் நிரப்பும் எக்செல், கூகுள் ஷீட்ஸ் போன்றவையே விரிதாள்.) கீழ்க்கண்ட ஐந்து முடிவுகளும் முதல் பட்டியலுக்கு முன்னரே எடுக்கப்பட வேண்டியவை.

1. எத்தனை இடங்கள்? கேசி கேசம் 1970 ஜூலை 4 அன்று தொடங்கிய ‘அமெரிக்கன் டாப் 40’ வானொலி நிகழ்ச்சி நாற்பது பாடல்களைக் கொண்டது. பில்போர்டு இதழின் ‘ஹாட் 100’ 1958 ஆகஸ்டு முதல் நூறு பாடல்களை வரிசைப்படுத்தி வருகிறது. தனி ஒருவர் இந்த எண்களைப் பின்பற்ற முயல்வது பெரும்பாலும் ஆறாவது ஏழாவது வாரத்தில் சோர்வில் முடியும். விற்பனைக் கணக்கு 37ஆம் இடத்தையும் 38ஆம் இடத்தையும் பிரித்துக் காட்டிவிடும்; ஒருவருடைய விருப்பம் அவ்வளவு நுட்பமாகப் பிரிவதில்லை. ஆகவே 20 இடங்கள் போதுமானவை. வாரத்தில் ஓரிரு மணி நேரமே பாட்டுக் கேட்பவருக்கு 10 போதும்.

2. எந்த நாள்? 2015 ஜூலை 10 முதல் பல நாடுகளில் புதிய பாடல்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வழக்கம் ஏற்பட்டிருப்பதால், வெள்ளியன்று பட்டியல் எழுதுபவர் முதல் கேட்பின் பரபரப்பையே எழுதுவார். வியாழன் இரவு எழுதினால் புதிய பாடலைக் கேட்க ஆறு நாள் கிடைத்திருக்கும். தமிழ்த் திரைப்பாடல்களுக்கு இந்த ஒழுங்கு பொருந்தாது. படம் வருவதற்குச் சில மாதங்கள் முன்னரே ஒவ்வொன்றாக எந்தக் கிழமையிலும் அவை வெளியாகக் கூடும் என்பதால், வெளியான பின் மூன்று நாளாவது கடந்த பாடலே பட்டியலுக்குத் தகுதி பெறும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது.

3. எது ஒரு பாடல்? எளிதாகத் தோன்றினும் மிகுந்த குழப்பம் தருவது இந்தக் கேள்விதான். லூயிஸ் ஃபான்சியும் டாடி யாங்கியும் பாடிய ‘டெஸ்பசீட்டோ’ 2017 ஜனவரியில் வெளியானது. ஜஸ்டின் பீபர் குரல் சேர்ந்த வடிவம் அதே ஆண்டு ஏப்ரலில் வந்தது. பில்போர்டு இரண்டையும் ஒரே பாடலாகக் கணக்கிட்டதால்தான் அது 16 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. மறுபுறம், இலங்கையில் 2020இல் சதீஷன் வெளியிட்ட ‘மணிகே மகே ஹிதே’ பாடலை 2021இல் யோஹானி பாடிய வடிவமே எல்லை கடந்து பரவியது. இரண்டையும் ஒன்றாக்கினால், கேட்பவரை ஈர்த்தது யாருடைய குரல் என்ற தகவல் மறைந்துவிடும். எனவே, முதன்மைக் குரல் மாறாமல் வேறொருவர் சேர்ந்துகொண்டால் அது அதே பாடல், முதன்மைக் குரலே மாறிவிட்டால் அது வேறு பாடல் என்று கொள்வது பெரும்பாலான சிக்கல்களைத் தீர்க்கும். ஒரே திரைப்பாடலின் தமிழ், தெலுங்கு, இந்தி வடிவங்களை ஒரே பாடகர் பாடியிருந்தால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே எழுதிவிட வேண்டும்.

4. பழைய பாடல்களுக்கு இடம் உண்டா? கேட் புஷ் 1985இல் வெளியிட்ட ‘ரன்னிங் அப் தட் ஹில்’ ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒலித்ததால் 2022 ஜூனில் பிரிட்டனின் முதலிடத்தை அடைந்தது. 1994இல் வெளியான மரையா கேரியின் கிறிஸ்துமஸ் பாடல் 2019 டிசம்பரில்தான் ஹாட் 100இன் முதலிடத்துக்கு வந்தது. பெரிய பட்டியல்களே பழைய பாடல்களை ஏற்கும்போது, சொந்தப் பட்டியல் அவற்றை விலக்கினால் இழப்பு எழுதுபவருக்கே. அனுமதித்து, வெளியான ஆண்டைப் பக்கத்தில் குறித்துவிட்டால் போதும்.

5. ஒரு கலைஞருக்கு எத்தனை பாடல்? எட் ஷீரனின் ஆல்பம் ஒன்று வெளியான 2017 மார்ச்சில், பிரிட்டனின் முதல் 20 இடங்களில் 16 அவருடைய பாடல்களாகவே இருந்தன. அவ்வாண்டு ஜூலை முதல் முதன்மைக் கலைஞர் ஒருவருக்கு மூன்று பாடல்கள் என்று வரம்பு விதிக்கப்பட்டது. ஒரு படத்தின் பாடல்கள் அனைத்தும் ஒரே நாளில் வந்து பட்டியலை நிறைத்துவிடும் நிலை திரையிசை கேட்பவருக்கு நன்கு பழகியது. அவருக்கும் ஒரு படத்துக்கு மூன்று என்ற வரம்பு பயன்படும். வரம்பின்றி எழுதுவதும் முறையே. பாதி ஆண்டில் மாற்றுவதுதான் முறையன்று.

குறிப்பேடா, விரிதாளா?

இரண்டும் ஏற்றவை. அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த ஜோயல் விட்பர்ன், பில்போர்டு தரவரிசைகளின் வரலாற்றைப் பல நூல்களாகத் தொகுத்தவர். ஒரு பாடலுக்கு ஒரு சிறு அட்டை என்று கையால் எழுதிச் சேர்த்ததிலிருந்துதான் அவருடைய தொகுப்புப் பணி பிறந்தது. குறிப்பேட்டைத் தேர்பவர் இந்த உத்தியையே பின்பற்றி, வாரப் பட்டியலுக்கு ஒரு பகுதியும் பாடல் வாரியான வரலாற்றுக்கு மற்றொரு பகுதியும் ஒதுக்க வேண்டும். வாரப் பட்டியலை மட்டும் எழுதிவிட்டு வரலாற்றைப் பின்னர் தொகுக்கலாம் என்று விடுபவர் ஆண்டு இறுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களைப் புரட்ட நேரிடும்.

விரிதாளில் ஒவ்வொரு வாரப் பதிவுக்கும் எட்டு நிரல்கள் வேண்டும்: வாரத் தேதி, இவ்வார இடம், சென்ற வார இடம், உச்ச இடம் (பாடல் இதுவரை எட்டிய மிக உயர்ந்த இடம்), பட்டியலில் இருந்த வாரங்கள், பாடல் எண், பாடலின் பெயர், கலைஞர். பாடல் எண் என்பது எழுதுபவர் தாமே தரும் அடையாளம். 2026இல் பதினான்காவதாக நுழைந்த பாடலுக்கு 26-014 என்று தரலாம். தமிழ்ப் பாடல் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரு வாரம் ஓர் எழுத்தும் மறுவாரம் இரண்டு எழுத்துமாக மாறிவிடுவது இயல்பு. கணினிக்கு அவை இரு வேறு பாடல்கள். எண் இருந்தால் இந்தப் பிழை கணக்கைத் தொடாது.

விரிதாளில் நேரும் பிழைகளுள் இரண்டு முன்னரே அறிந்து தவிர்க்கத்தக்கவை. முதலாவது, பெயர்களைக் கணினி தானாக மாற்றிவிடுவது: பியான்சே 2014இல் வெளியிட்ட ‘7/11’ என்ற பாடலின் பெயரைத் தட்டினால் அது ஒரு தேதியாக மாறும், டெய்லர் ஸ்விஃப்ட்டின் ‘22’ எண்ணாகக் கருதப்பட்டு அகர வரிசையில் இடம் மாறி நிற்கும், பாடல் எண்ணும் சில சமயம் தேதியாகத் திரியக்கூடும். இந்த நிரல்களின் வடிவத்தை எதுவும் தட்டுவதற்கு முன்பே ‘வெறும் எழுத்து’ என்று அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. இரண்டாவது பிழை மிகக் கொடியது: முழு அட்டவணையையும் தேர்ந்தெடுக்காமல் ஒரு நிரலை மட்டும் வரிசைப்படுத்தினால், இடங்கள் நகர்ந்து பாடல்கள் நகராமல் நின்று, ஒவ்வொரு வரியும் பொய்யாகிவிடும். கோப்பை மூடிய பின் அதைக் கண்டுபிடிப்பவர் முந்திய காப்புப் பிரதியைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் பட்டியலை உருவாக்குதல்

1. அண்மைய வாரங்களில் விரும்பிக் கேட்ட பாடல்களை, வரிசை பற்றிக் கவலைப்படாமல், தனித்தனித் துண்டுத் தாள்களில் எழுத வேண்டும். முப்பது வரை வரலாம்.
2. துண்டுகளை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும்: இப்போதே மீண்டும் கேட்க விரும்புபவை, ஒலித்தால் நிறுத்தாமல் கேட்பவை, பழக்கத்தால் மட்டும் பட்டியலில் வந்தவை.
3. மூன்றாவது குவியலை ஒதுக்கிவிட்டு, முதல் குவியலிலிருந்து தொடங்கி இரண்டிரண்டாக எடுத்து, ‘இரண்டில் ஒன்றை மட்டுமே இன்று கேட்க முடியும் என்றால் எது?’ என்ற கேள்வியைக் கேட்டு வரிசையாக்க வேண்டும். ‘எது சிறந்த பாடல்?’ என்ற கேள்வியைத் தவிர்ப்பது முக்கியம். அது விருப்பத்தைக் கேட்காமல் மதிப்பை வினவும், பலரும் அதற்குப் பிறர் மெச்சும் விடையையே எழுதிவிடுவார்கள்.
4. இருபது நிரம்பியதும் தேதியிட்டு எழுதி, எல்லாவற்றையும் புது வரவு, அதாவது முதன்முறையாக நுழையும் பாடல் எனக் குறிக்க வேண்டும்.

வாரந்தோறும் செய்ய வேண்டியவை

1. சென்ற வாரப் பட்டியலைப் பார்க்காமல், இந்த வாரம் மனத்தில் நிற்கும் முதல் ஐந்து பாடல்களைத் தனித் தாளில் எழுத வேண்டும். பழைய வரிசை கண்ணில் பட்டுவிட்டால் கை அதையே சிறிது மாற்றி எழுதும். இந்தப் படியை விட்டவரின் பட்டியல் சில மாதங்களில் அசையாத ஒன்றாகிவிடும்.
2. பின்னர் சென்ற வாரப் பட்டியலை எடுத்து, எஞ்சிய பாடல்களை அண்டை இடங்களோடு ஒப்பிட்டு மேலும் கீழும் நகர்த்த வேண்டும்.
3. புது வரவு ஒவ்வொன்றையும் முதலில் 10ஆம் இடத்துப் பாடலோடு ஒப்பிட வேண்டும். அதைவிட விருப்பமானது என்றால் 5ஆம் இடத்தோடும், இல்லையென்றால் 15ஆம் இடத்தோடும் ஒப்பிட்டு, இவ்வாறே பாதிப் பாதியாகக் குறைத்துச் சென்றால், இருபது பாடல்களுக்கு நடுவே புதிய பாடலின் இடத்தை அதிகபட்சம் ஐந்து கேள்விகளில் கண்டுவிடலாம்.
4. இருபதைத் தாண்டித் தள்ளப்பட்ட பாடல்களை ‘வெளியேறியவை’ என்று பட்டியலின் அடியில் குறிக்க வேண்டும். முன்பு வெளியேறித் திரும்பி வருவது மறுவரவு. அதற்குப் புதிய எண் தராமல் பழைய எண்ணையே தந்து, வாரக் கணக்கையும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். திரைப்பாடல்களில் இது அடிக்கடி நிகழும். படம் வெளியாகிக் காட்சியோடு பார்த்த பின் பாடல் மீண்டும் உயர்வதுண்டு.
5. உச்ச இடம், வாரங்கள் ஆகிய நிரல்களை நிரப்ப வேண்டும்.
6. ஒரே ஒரு வரி காரணம் எழுத வேண்டும்: முதலிடம் ஏன் மாறியது, அல்லது ஏன் மாறவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்துப் படிக்கும்போது எண்களைவிட இந்த வரியே அதிகம் பேசும்.
7. பதிவை மூட வேண்டும். மறுநாள் தோன்றும் மாற்றம் அடுத்த வாரத்துக்கு உரியது.

குறிப்பு: அரசு, தனியார் நிறுவனங்கள் வெளியிடும் பட்டியல்களையோ யூடியூப் பார்வை எண்ணிக்கையையோ எழுதி முடிக்கும் முன் பார்க்காதிருப்பது நலம். முடித்த பின் ஒப்பிடுவதற்குத் தடையில்லை. சொல்லப்போனால் அந்த ஒப்பீடு இன்பமானதும் கூட.

செயலிகளின் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

கேட்ட எண்ணிக்கையையே தரவரிசையாக்கிவிடலாம் என்பது கவர்ச்சியான எண்ணம். கேட்ட ஒவ்வொரு பாடலையும் லாஸ்ட்.எஃப்.எம் போன்ற சேவைகள் தாமே பதிவு செய்கின்றன. ஆனால் அந்தக் கணக்கும் விதிகளின் விளைவே. ஸ்பாட்டிஃபை 30 விநாடி ஒலித்த பாடலைக் கேட்டதாகக் கொள்கிறது; லாஸ்ட்.எஃப்.எம் பாடலின் பாதியோ நான்கு நிமிடமோ, எது முந்தியதோ அதைக் கணக்கில் கொள்கிறது. வீட்டில் ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்தினால் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது ஒலித்த பாடல் முதலிடம் பெறும். சமைக்கும்போது தானாக ஓடும் தொகுப்பில் முதலில் நிற்கும் பாடல், விரும்பப்படாமலே உயரும். இரண்டு நிமிடப் பாடல் ஐந்து நிமிடப் பாடலைவிட ஒரு மணி நேரத்தில் அதிக முறை ஒலிக்கும். எண்ணிக்கையோடு வேறொன்றையும் சேர்ப்பது பழைய வழக்கம்தான்: இலங்கை வானொலியில் 1952 டிசம்பரில் தொடங்கி அமீன் சயானி நடத்திய ‘பினாகா கீத்மாலா’ இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி, இசைத்தட்டு விற்பனையோடு நேயர் மன்றங்களின் கருத்தையும் கேட்டே வரிசை அமைத்தது. செயலியின் எண்ணிக்கையை, மறந்துபோன பாடலை நினைவூட்டும் அளவுக்கு மட்டும் பயன்படுத்தி, வரிசையைக் காதின் முடிவுக்கு விடுவதே இந்நூல் பரிந்துரைக்கும் முறை.

நகராத பாடல்கள்

சில பாடல்கள் கீழ் இடங்களில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் நகராமல் இருக்கும். இதைக் களைய, 20 வாரங்களைக் கடந்த பாடல் 50ஆம் இடத்துக்குக் கீழே இறங்கினால் நீக்கிவிடும் விதியை ஹாட் 100 நெடுங்காலம் கையாண்டது. இருபது இடப் பட்டியலில், 15 வாரங்களைக் கடந்த பாடல் 10ஆம் இடத்துக்குக் கீழே வந்தால் ஓய்வு என்று சுருக்கிக்கொள்ளலாம். முதலிடத்தில் நீண்டு நிற்கும் பாடலை இவ்வாறு அகற்றக் கூடாது. லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்டு டவுன் ரோடு’ 2019இல் 19 வாரங்கள் ஹாட் 100இன் உச்சியில் இருந்தது. சலிக்காத பாடலைப் பட்டியல் அழகுக்காக இறக்குவது பொய்ப் பதிவாகும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

பின்தேதியிட்டு நிரப்புவது முதல் தவறு. மூன்று வாரம் விட்டுப்போனால் அவற்றை ஊகித்து எழுதத் தோன்றும். அவ்வாறு எழுதியவை இன்றைய விருப்பத்தையே பழைய தேதியில் காட்டும். ‘பதிவு இல்லை’ என்று எழுதி, அந்த வாரங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நேர்மையானது.

சமநிலை தருவது அடுத்தது. ஓரிடத்தில் இரு பாடல்களை ஒருமுறை அனுமதித்தால் முடிவெடுக்கச் சிரமமான ஒவ்வொரு முறையும் அதுவே புகலிடமாகிவிடும். தீர்க்க முடியாதபோது சென்ற வாரம் கீழே இருந்த பாடலை மேலே வைப்பது என்ற விதி போதும்.

விதியை ஓசையின்றி மாற்றுவது மூன்றாவது தவறு. விளைவு பெரியது, கண்ணுக்குத் தெரிவது மிகத் தாமதம். ஹாட் 100 தன் கணக்கீட்டை 1991 நவம்பர் 30 தேதியிட்ட பட்டியலில் மாற்றி, கடைகளும் வானொலி நிலையங்களும் சொன்ன தகவலுக்குப் பதிலாக மின்னணு முறையில் திரட்டிய விற்பனை, ஒலிபரப்பு எண்ணிக்கைகளைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, பாடல்கள் நுழையும் இடமும் உச்சியில் நிற்கும் காலமும் மாறிப்போயின. அதற்கு முந்திய சாதனைகளையும் பிந்தியவற்றையும் ஒரே தட்டில் நிறுப்பது அன்றிலிருந்து கடினமாயிற்று. சொந்தப் பட்டியலிலும் விதி மாறலாம். ஆனால் ஆண்டின் முதல் வாரத்தில் மட்டும், மாற்றத்தையும் தேதியையும் முதல் பக்கத்தில் எழுதிய பின்னரே மாற வேண்டும்.

பாதுகாப்பு

ஒப்பிட்டுக் கேட்பதற்காக ஒரே பாடலைப் பலமுறை ஹெட்போனில் ஒலிக்கவிடும் பழக்கம் காதுக்குக் கேடு செய்யக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபலுக்கு அந்த வரம்பு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். குழந்தைகளுக்கு 40 மணி நேர வரம்பு 75 டெசிபலுக்கே பொருந்தும். கருவியின் உச்ச ஒலியளவில் 60 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது நடைமுறைக்கு எளிய அளவுகோல். பேருந்து இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவதைவிட, ஒப்பீட்டை வீட்டில் செய்வது நல்லது. அங்கே கேட்பும் தெளிவாக இருக்கும். கேட்டு முடித்த பின் காதில் இரைச்சல் தொடர்ந்தால் ஓய்வு தந்து, நீங்காவிட்டால் காது மருத்துவரைக் காண வேண்டும்.

கேட்பதைப் பதிவு செய்து தருவதாகச் சொல்லும் செயலிகளுக்கு இசைக் கணக்கின் கடவுச்சொல்லைத் தரக் கூடாது. இசைச் சேவையின் சொந்த அனுமதிப் பக்கத்தின் வழியாக இணைப்பவற்றை மட்டும் ஏற்று, பயன்படுத்தாதபோது அனுமதியை நீக்கிவிட வேண்டும். பதிவேட்டுக்கு மாதம் ஒருமுறை காப்புப் பிரதி எடுத்து, ஒன்றைக் கணினியிலும் ஒன்றை வேறிடத்திலும் வைக்க வேண்டும். குறிப்பேடாக இருந்தால் பக்கங்களைப் படம் எடுத்து வைத்தால் போதும்.

ஆண்டுக் கணக்கு

ஆண்டின் சிறந்த பாடல்களைக் காண, ஒவ்வொரு வார இடத்தையும் 21இலிருந்து கழித்துப் புள்ளியாக்கிக் கூட்டுவது எளிய முறை. 14ஆம் இடத்தில் நுழைந்து, அடுத்த வாரங்களில் 9, 4, 4, 6 ஆகிய இடங்களில் இருந்து வெளியேறிய பாடலுக்கு 7, 12, 17, 17, 15 என மொத்தம் 68 புள்ளிகள். உச்ச இடம் 4, வாரங்கள் 5. இம்முறையில் ஒரு குறை உண்டு: முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் ஒரே ஒரு புள்ளி வேறுபாடு என்பதால், நெடுநாள் நடுவில் கிடந்த பாடல் சில வாரம் உச்சியில் இருந்ததை வென்றுவிடும். முதலிடத்துக்கு வாரம் ஐந்து புள்ளிகள் கூடுதலாகத் தருவது இதை ஓரளவு சரிசெய்யும்.

டிசம்பரில் நுழையும் பாடலின் புள்ளிகள் இரு ஆண்டுகளுக்கும் பிரிந்துபோகும். இதைத் தவிர்க்க, டிசம்பர் தொடங்கி நவம்பரில் முடியும் கணக்காண்டை வைத்துக்கொள்ளலாம். அல்லது பாடல் வெளியேறிய ஆண்டுக்கே அதன் புள்ளிகள் முழுவதையும் சேர்க்கலாம். எதைத் தேர்ந்தாலும் புத்தாண்டின் முதல் பட்டியலை வெற்றுத் தாளிலிருந்து தொடங்கக் கூடாது. கடைசி வாரத்தின் இருபது பாடல்களும் தம் வாரக் கணக்கோடும் உச்ச இடத்தோடும் அப்படியே புதிய ஏட்டுக்குச் செல்ல வேண்டும். பாடல் எண்ணின் முன்பகுதி மட்டும் புதிதாக நுழைபவற்றுக்கு மாறும்.